பாவம் யார் கணக்கில்?

தமிழில் ‘பாவம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தகாததைச் செய்தவனைப் பற்றி, ‘செய்த பாவம் சும்மா விடுமா?’ என்கிறோம். அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்து, ‘ஐயோ பாவம்!’ என்கிறோம். தீங்கு செய்தவனுக்கும் அதே சொல். தீங்குக்கு ஆளானவனுக்கும் அதே சொல்.

கேரளத்தில் பிறந்து வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சற்றுக் குழப்பமாகவே இருக்கும். மலையாளத்தில் இவ்விரண்டும் தனித்தனிச் சொற்கள். குற்றத்தைப் ‘பாபம்’ என்பார்கள்; இரக்கத்துக்குரிய ஏழையைப் ‘பாவம்’ என்பார்கள். வடமொழிப் ‘பாபம்’ தமிழில் ‘பாவம்’ ஆயிற்று என்று அகராதி கூறும். ஆனால் இரு பொருளும் ஒரே சொல்லில் தங்கிவிட்டது நமக்கு ஒரு நன்மை என்றே நான் கருதுகிறேன். எங்கே ஒரு பாவம் செய்யப்படுகிறதோ, அங்கே ‘ஐயோ பாவம்’ என்று சொல்லத்தக்க ஓர் உயிர் இருக்கிறது என்பதை அச்சொல் மறக்க விடுவதில்லை. அந்த உயிரை மறந்துவிட்டுப் பாவத்தைப் பற்றி மட்டும் பேசும்போதுதான் மதமும் சமூகமும் வழி தவறுகின்றன.

கழுவுதலும் ஈடு செய்தலும்

பாவத்தைப் பற்றிப் பேசாத மதம் இல்லை. கொலை, களவு, கள், பொய், குரு நிந்தை என்று ஐந்தைப் பஞ்சமா பாதகங்கள் என நம் முன்னோர் பட்டியலிட்டனர். பாவத்தைப் போக்கிக்கொள்ளும் இடங்களுக்கும் குறைவில்லை. நெல்லைச் சீமையில் தாமிரபரணிக் கரையில் ஒரு பாபநாசம்; தஞ்சைப் பகுதியில் ஒரு பாபநாசம்; நமக்கு அருகே வர்க்கலைக் கடற்கரையிலும் ஒரு பாபநாசம். இராமேசுவரத்துக்கும் காசிக்கும் போகிறவர்கள் மனத்திலும் இந்த எண்ணம் உண்டு.

பைபிளின் பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் ஒரு சடங்கு விவரிக்கப்படுகிறது. ஆரோன் ஓர் ஆட்டின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இதற்குத் தமிழ் பைபிள் தரும் பெயர் ‘போக்காடு’. மிகப் பொருத்தமான பெயர். பாவம் மக்களுடையது, சுமப்பது ஆடு.

ஆனால் எல்லா மதங்களிலும் இன்னொரு வழியும் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் வரும் சகேயு என்ற வரி வசூலிப்பவன், தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் இயேசுவிடம் சொல்கிறான். இஸ்லாத்தில், இறைவனுக்குச் செய்ய வேண்டியதில் தவறியது வேறு, சக மனிதனுக்கு இழைத்த தீங்கு வேறு. பின்னதற்கு, பாதிக்கப்பட்டவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்கவோ அவருடைய மன்னிப்பைப் பெறவோ வேண்டும் என்பர். சமணர்கள் ஆண்டுக்கொரு முறை, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆக, பாவத்திலிருந்து விடுபட இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கழுவுதல். அது நமக்கும் கடவுளுக்கும் இடையே நடப்பது. மற்றொன்று, ஈடு செய்தல். அது நமக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையே நடப்பது. முதல் வழிக்குப் பணம் இருந்தால் போதும். இரண்டாவதற்கு முகத்துக்கு நேரே நிற்கும் துணிவு வேண்டும். முதலாவதில் கூட்டம் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மன்னர் செய்த பரிகாரம்

இந்த இரண்டு வழிகளுக்கும் உதாரணம் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டாம். நாம் வாழும் திருவனந்தபுரத்தின் வரலாறே போதும்.

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, சிறிய வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூராக ஆக்கியவர். 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்தார். காயங்குளம், அம்பலப்புழை முதலிய அரசுகளைப் போரிட்டுச் சேர்த்துக்கொண்டார். எட்டு வீட்டில் பிள்ளைமார் என்னும் பிரபுக்களை அழித்தார். அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகவும் கூறுவர்.

இத்தனைக்கும் பிறகு, 1750ஆம் ஆண்டு சனவரியில் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்தார் மன்னர். இதுவே திருப்படிதானம். அதன்பின் அவரும் அவர் வழிவந்தோரும் ‘பத்மநாப தாசர்’ என்ற பெயரிலேயே ஆண்டனர். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் வேதம் ஓதும் முறைஜபமும், அதன் நிறைவில் லட்சதீபமும் அவர் தொடங்கி வைத்தவை. போர்களில் நேர்ந்த உயிர்க்கொலையின் பாவம் தீரவும் நாடு நலம் பெறவும் ஏற்பட்டவை இவை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மன்னரைத் தராசில் நிறுத்தி எடைக்கு எடை பொன் கொடுக்கும் துலாபுருஷ தானம், பொன் பாத்திரத்தினுள் புகுந்து மறுபிறவி எடுத்ததாக வெளிவரும் இரணியகர்ப்பம் ஆகியவையும் நடந்தன.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. வென்றவன் தன் வெற்றியைக் கண்டு மனம் உறுத்திப் பரிகாரம் தேடியது சிறிய செய்தியன்று. உறுத்தலே இல்லாத வெற்றியாளர்கள் வரலாற்றில் ஏராளம். நான் கேட்பது ஒன்றே. வேதம் ஓதியவர்க்கு உணவும் தட்சிணையும் கிடைத்தன. கடவுளுக்கு நாடு கிடைத்தது. போரில் கணவனை இழந்த காயங்குளத்துப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? பரிகாரக் கணக்கில் அவள் பெயர் வரவே இல்லை.

தாமதமாக வரும் மன்னிப்பு

அடூர் கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘நிழல்குத்து’ என்ற மலையாளப் படம் 2002இல் வெளிவந்தது. 1940களில் திருவிதாங்கூரில் தூக்குப்போடும் வேலை பார்த்த காளியப்பன் என்பவனின் கதை அது. அதில் சொல்லப்படும் ஓர் ஏற்பாட்டை நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். ஓர் உயிரைப் போக்கிய பாவம் மன்னரைச் சேரக் கூடாது. ஆகவே தூக்குத் தண்டனைக்கு மன்னிப்பு ஆணை ஒன்றும் அரண்மனையிலிருந்து புறப்படும். ஆனால் அது சிறைக்கு வந்து சேரும்போது தூக்கு முடிந்திருக்கும்! மன்னர் மன்னித்துவிட்டார், எனவே அவர்மேல் பாவமில்லை. பிறகு அந்தப் பாவம் யாருக்கு? கயிற்றை இழுத்தவனுக்கு.

அவனுக்கு வரியில்லா நிலமும் சலுகைகளும் உண்டு. தூக்குக் கயிற்றின் சாம்பலுக்கு நோய் தீர்க்கும் சக்தி இருப்பதாக நம்பி ஊரார் அவனைத் தேடி வருவார்கள். ஆனால் அவன் இரவில் உறங்க முடியாமல் குடிக்கிறான். தன் கையால் குற்றமற்றவன் ஒருவன் செத்தான் என்ற எண்ணம் அவனை அரிக்கிறது. முடிவில் அவன் தளர்ந்து விழ, காந்தியவாதியான அவன் மகன் அந்த வேலையைச் செய்ய நேர்கிறது. மன்னரிடமிருந்து காளியப்பனுக்கு வந்த பாவம், அவனிடமிருந்து மகனுக்குப் போகிறது. இதுதான் மனிதப் போக்காடு.

படத்தின் பெயரும் பொருள் உள்ளது. பன்னிசேரி நாணுப் பிள்ளை எழுதிய கதகளி ஆட்டக்கதையின் பெயர் அது. வியாச பாரதத்தில் இல்லாத கதை. பாண்டவர்களின் நிழலைக் குத்தி அவர்களைக் கொல்லுமாறு மந்திரவாதியான மலையனைத் துரியோதனன் கட்டாயப்படுத்துகிறான். மலையன் அவ்வாறே செய்கிறான். செய்தி அறிந்த அவன் மனைவி மலையத்தி, குந்தியின் துயரம் இவனுக்கும் தெரியட்டும் என்று தன் பிள்ளையையே கொன்றுவிடுகிறாள். ஏவியவன் அரண்மனையில் இருக்கிறான். இழவு விழுந்தது ஏவப்பட்டவன் வீட்டில்.

துன்பப்படுபவன் தலையில்

பாவத்தை வேலைக்காரன் தலையில் ஏற்றுவது ஒருவகை. துன்பப்படுபவன் தலையிலேயே ஏற்றிவிடுவது அதனினும் கொடிய வகை. 1924 மார்ச் 30ஆம் நாள் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோவிலுக்குள் போக அல்ல, கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க! நம் ஈ.வெ.ரா. பெரியார் அதில் கலந்துகொண்டு இரு முறை சிறை சென்றதும், நாகர்கோவிலிலிருந்து டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு தலைமையில் ஓர் ஊர்வலம் திருவனந்தபுரத்துக்கு வந்ததும் தமிழர் நினைவில் இருக்க வேண்டியவை. தெருக்களை எல்லோருக்கும் திறந்துவிடக் கோரிய தீர்மானம் 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

அடுத்த மாதம் காந்தியடிகள் வைக்கம் வந்து, இண்டந்துருத்தி மனையில் வைதிகர்களுடன் பேசினார். தாழ்ந்த குலத்தில் பிறந்தவர்கள் முற்பிறவியில் செய்த வினையின் பலனை அனுபவிக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அப்படியே இருந்தாலும், கடவுளின் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டு அவர்கள் தண்டனையைக் கூட்டுவதற்கு நாம் யார் என்பது காந்தியடிகளின் கேள்வி. எளிய கேள்விதான், ஆனால் இன்றுவரை அதற்குச் சரியான பதில் வந்ததில்லை.

1936 நவம்பர் 12ஆம் நாள் ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். நவம்பர் 11 வரை மகாபாவமாக இருந்தது, மறுநாள் பாவம் அல்லாமல் போயிற்று. கோவில் இடிந்து விழவில்லை, மழை நிற்கவில்லை. அப்படியானால் அத்தனை காலமும் உண்மையான பாவம் எது? உள்ளே வர முயன்றதா, வெளியே நிறுத்தியதா? வைதிகர்களுடன் காந்தியடிகள் பேசிய அந்த மனை, பிற்காலத்தில் கள்ளுத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம் ஆயிற்று. காலம் கொடுத்த பதில் என்று அதைக் கொள்ளலாம்.

அதே மன்னர் 1944இல் திருவிதாங்கூரில் மரண தண்டனையையும் ஒழித்தார். சுதந்திரத்துக்குப் பின் இந்தியச் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது திரும்பி வந்தது. முன்னோர் செய்தது பரிகாரம். இவர் செய்தது திருத்தம். பாவத்தைக் கழுவ லட்சதீபம் ஏற்றலாம். ஆனால் பாவம் மீண்டும் நடக்காதபடி செய்வதற்குச் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.

பசுவின் துயர் தீருமா?

இந்த இடத்தில்தான் நம் தமிழ் இலக்கியம் தலை நிமிர்ந்து நிற்கிறது. மனுநீதிச் சோழன் கதையைச் சிறுவயதில் படிக்காதவர் இல்லை. தேர்க்காலில் கன்று இறந்தது, பசு மணியடித்தது, மன்னன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான் என்ற அளவில் அதை நினைவில் வைத்திருக்கிறோம். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் ஒரு முக்கியமான செய்தியை விட்டுவிடுகிறோம். வேதம் அறிந்தோர் விதித்த பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் மன்னனுக்கு ஆலோசனை கூறினார்கள். சாத்திரப்படி அது சரியான ஆலோசனைதான். மன்னன் அதை ஏற்கவில்லை. கன்றை இழந்து அலறும் இந்தப் பசுவின் துயருக்கு அது மருந்தாகுமா என்று கேட்டான்.

மகனைக் கொன்றது சரியா என்று இன்று நாம் வாதிடலாம். நான் அதைச் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது உலகத்தின் எந்த நீதிமன்றத்திலும் எழுதி வைக்கத்தக்கது. மற்றொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பட்ட அமைச்சன், அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரையே விட்டான். பிறகு மன்னன் வேறொரு ஆளை ஏவவில்லை. தானே தேரை ஓட்டினான். திருவாரூரில் காளியப்பன் இல்லை!

இந்தக் கதையைத்தான் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் எடுத்துச் சொல்கிறாள். பொய் சொன்னது பொற்கொல்லன், வெட்டியது காவலன். பழியை அவர்கள்மேல் போட்டுவிட்டுப் பாண்டியன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவனோ குற்றம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு அந்த இடத்திலேயே உயிர் விடுகிறான். ஆனால் அதே காப்பியத்தின் உரைபெறு கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. பின்னர் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டுக் கண்ணகியின் சினம் தணித்தானாம். முதல் பாண்டியன் பாவத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டான். அடுத்தவன் ஒரு தொழில் செய்வோர் கணக்கில் எழுதினான். ஒரே வம்சம், இரண்டு வழிகள்.

ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியின் வடிவம் என்பது இங்குள்ள ஐதிகம். பொங்கல் நாளன்று தோற்றம் பாட்டில் பாண்டிய மன்னனின் வதம் பாடப்பட்ட பிறகே அடுப்பில் தீ மூட்டப்படுகிறது. அந்தப் பாட்டில் தேவி மன்னனைக் கொல்கிறாள். இளங்கோவடிகளின் நூலில் மன்னன் தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறான். பொங்கலிடும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். வெளியிலிருந்து வரும் தண்டனைக்கு அஞ்சுவது ஒரு நிலை. தன் தவற்றுக்குத் தானே பொறுப்பேற்பது அதைவிட உயர்ந்த நிலை. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குத் ‘தீவினையச்சம்’ என்று பெயரிட்டதும் அஞ்ச வேண்டியது தீய செயலுக்கே என்பதால்தான்.

தம்பானூர் ஓடை

பழைய கதைகள் போதும். நம் காலத்துக்கு வருவோம். 2024 ஜூலை 13ஆம் நாள், தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். (தோடு என்றால் இங்கே ஓடை என்பது நம்மவர்க்குத் தெரியும்.) சுரங்கம் போன்ற அந்த வழியில் மலைபோல் குவிந்திருந்த குப்பைக்கு நடுவே தீயணைப்புப் படையினரும் பிறரும் தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில் உடல் வேறோர் இடத்தில் கிடைத்தது. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

தேடுதல் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பகுதியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்பதில் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் வாக்குவாதம் எழுந்தது. குப்பை எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி; யார் இடத்தில் கிடந்தது என்று ஒரு கேள்வி. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த நாமெல்லோரும் ‘ஐயோ பாவம்’ என்றோம். அந்தச் சொல்லின் மற்றொரு பொருள் அப்போது நம் நினைவுக்கு வந்ததா? அந்தப் பிளாஸ்டிக் பைகளும் பாட்டில்களும் வானத்திலிருந்து விழவில்லை. ஓடைக்கரையில் இருக்கும் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும், பாலத்தில் வண்டியை மெதுவாக்கிப் பையை வீசியவர்களின் கையிலிருந்தும் வந்தவை. ஆளுக்கு ஒரு பை. அதில் யார் பை அவரைக் கொன்றது என்று எவர் சொல்ல முடியும்? பல பேர் சேர்ந்து செய்யும் பாவத்தின் வசதி இதுதான். பங்கு சிறிதாகிவிடுகிறது, சுமை மட்டும் முழுதாக ஒருவர்மேல் விழுகிறது.

ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. பார்வையிட்டவர் கண்டதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். குறையை எழுதினால் மட்டும் போதாது. அது சரி செய்யப்பட்டதா என்பதும் அடுத்த முறை எழுதப்பட வேண்டும். பெரிய விபத்து நேர்ந்தால் விசாரிக்க வரும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தன் தவற்றுக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதே அதன் காரணம். விசாரணையில் முதற்பொறுப்பு யாருக்கு, துணைப்பொறுப்பு யாருக்கு என்று பிரித்து எழுதுவார்கள். ‘எல்லாம் விதி’ என்று எழுத அங்கே இடமில்லை.

இந்த ஏற்பாட்டிலும் பொறுப்பு கீழே உள்ளவன் தலையில் போய் விழுவதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பாவம் என்பதை நாமும் இப்படிப் பதிவேட்டில் எழுதிப் பார்ப்பது நல்லது. நடந்தது என்ன? துன்பப்பட்டது யார்? இதில் என் பங்கு எவ்வளவு? அவருக்கு ஈடு செய்தேனா? மீண்டும் நடக்காமலிருக்க என்ன செய்தேன்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதிய பிறகு ஒருவர் பாபநாசத்தில் முழுகினாலும் சரி, கோவிலில் உண்டியல் போட்டாலும் சரி, தேவாலயத்தில் பாவமன்னிப்புக் கேட்டாலும் சரி, அது முழுமை பெறும். பதில் எழுதாமல் செய்தால், அரண்மனையிலிருந்து தாமதமாக வந்த மன்னிப்பு ஆணைக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். ‘இது நம் ஊர் இல்லை, நமக்கென்ன?’ என்று ஒதுங்கிக்கொள்ளும் வசதி நமக்குச் சற்று அதிகம். அந்த ஓடை ஓடும் நகரத்தில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். இது அவர்கள் ஊர். ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவாகட்டும், வள்ளுவர் விழாவாகட்டும், விழா முடிந்ததும் சேரும் குப்பை எங்கே போகிறது, அதை யார் அள்ளுகிறார், அவருக்குக் கையுறையாவது கொடுத்தோமா என்று பார்க்க உறுப்பினர் இருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர்கள் பார்த்ததை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடட்டும்.